லேசாத் தூக்கி

அடுப்புக்கு வலப்பக்கம்
மேலிருந்து இரண்டாவது டிராயர்.
கரண்டியும் தோசைத் திருப்பியும்
குக்கர் குண்டும் கிடப்பது.
மாசியில் உடைந்தது.

உடைந்தது என்று சொன்னால்
தானே உடைந்த மாதிரி இருக்கிறது.
நான் உடைத்தேன்.

"சீட்டு எடுத்த பணம் எங்கீங்க"
என்றுதான் கேட்டாள் கோகிலவாணி.
குரல்கூட உயரவில்லை.
குண்டைத் தேடிக்கொண்டே கேட்டாள்.
அவள் கை வெளியே வந்ததும்
ஓங்கி அறைந்து மூடினேன்.
பதில் அவ்வளவுதான்.
உள்ளே ஒரு திருகாணி தெறித்துச்
சுவரில் பட்டது எனக்குக் கேட்டது.
அவளுக்கும் கேட்டிருக்கும்.

பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி.
ஒறம்பறை வந்து டிராயரோடு மல்லுக்கட்டினால்
"இடது மூலையை லேசாத் தூக்கி இழுங்க, வந்துரும்" என்பாள்.
ஒரு தடவைகூட
உடைஞ்சு போச்சு என்று சொல்லவில்லை.

இன்று ஆடிப் பதினெட்டு, கம்பெனி லீவு.
தங்கச்சி வீட்டாரோடு பவானிக்குப் போயிருக்கிறாள்.
ஸ்குரூ டிரைவரோடு தரையில் உட்கார்ந்தேன்.

இருபத்தாறு வருசமாகக் கட்டிங் மாஸ்டர்.
பனியன் துணி எந்தப் பக்கம் இழுபடும்,
எந்தப் பக்கம் நிற்கும்
என்று விரல் சொல்லிவிடும்.
இந்தப் பலகைக்கு ஓட்டமே இல்லை.
மரத்தூளைப் பசையில் பிசைந்து அழுத்தி
மேலே தேக்கின் படத்தை ஒட்டியிருக்கிறார்கள்.
ஈரம் குடித்த மூலை இட்லியாட்டம் உப்பியிருக்கிறது.

சேனலுக்குள் ஒரு கறுப்பு நாக்கு.
ஒரு பக்கம் மேலே அழுத்தணும்,
மறு பக்கம் கீழே.
இது தெரிய முக்கால் மணி நேரம்.

நல்லூரில் பாதி ஷட்டர் இறக்கிய கடை.
"சேனல் என்ன நீளமுங்?"
"பதினெட்டுங்."
வீட்டுக்கு வந்து வைத்துப் பார்த்தால் பதினாறு.
மறுபடியும் வண்டியை எடுத்தேன்.
"கம்பெனியில இப்படித்தான் அளக்காம வெட்டுவீங்களாக்கும்"
என்று சிரித்தவர்
பழைய ஓட்டையைப் பற்றிக் கேட்டார்.
விரல் நுழையும் என்றேன்.
"அப்ப திருகாணி நிக்காதுங்.
தீக்குச்சி எடுத்து, மருந்தைக் கிள்ளிப் போட்டுட்டு,
பெவிகால்ல நனைச்சு நெருக்கி அடைங்க.
காயட்டும்.
அவசரப்பட்டீங்கன்னா புடிக்காது."

ஒன்பது குச்சி.
ஒன்பது தலையையும் கிள்ளி
ஜன்னல் கட்டையில் வரிசையாக வைத்தேன்.

காய்கிற நேரத்தில்
டிராயர் இல்லாத குழிக்குள்
போன் வெளிச்சத்தை விட்டேன்.
ஒரு ஏலக்காய்.
பால் பாக்கெட்டின் வெட்டிய மூலைகள்.
மகள் ஆறாம் வகுப்பில் தொலைத்த காம்பஸ்.
ஓரத்தில் அந்தத் திருகாணி,
மரையெல்லாம் மரத்தூள் அப்பியபடி.
எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன்.

நாலரைக்குத் திருகினேன். பிடித்தது.
பதினொரு தடவை திறந்து மூடினேன்.
ஒற்றை விரல் போதும்,
எண்ணெய் விட்ட மாதிரி வருகிறது.

ஆறு மணிக்கு வந்தாள்.
சேலை நுனியில் ஆற்று ஈரம்,
கழுத்தில் புது மஞ்சள் கயிறு.
டீ வைத்துவிட்டு வடிகட்டிக்காகக் கையை நீட்டினாள்.
மூலையை லேசாத் தூக்கி
இடுப்பால் ஒரு முட்டு முட்டி
இழுத்தாள்.

டிராயர் ஓடி வந்து வயிற்றில் இடித்தது.

"அட, என்னுங் இது,
இப்படி ஓடியாருது."

மூடினாள். மறுபடி திறந்தாள்.
மறுபடியும் தூக்கி.

"சீட்டுப் பணத்தை
ரத்தினசாமி யூனிட்டுக்குக் குடுத்தேன்" என்றேன்.
"அவன் மிஷினெல்லாம் வித்துட்டான்."

டீயை வடிகட்டி முடித்தாள்.
வடிகட்டியை அலசி உள்ளே போட்டாள்.
தானாக மூடுகிற டிராயரை
உள்ளங்கை வைத்துக் கடைசிவரை
கூடவே போய் மூடினாள்.
"சூடு ஆறுது, குடிங்க" என்றாள்.

நாலு நாளாயிற்று.
சட்டை துவைக்கையில் கிடைத்த திருகாணி
பிரிட்ஜ் மேல் இருக்கிறது.
அவளும் கேட்கவில்லை,
நானும் எடுக்கவில்லை.
இன்னும் அந்த டிராயரை
தூக்கித்தான் இழுக்கிறாள்.